பயிருக்குக் கேட்கும் ஆலோசனையை மனதுக்கும் கேட்போம்

நெல்லைத் தாக்கும் பூச்சிகளில் புகையானைப் போல் ஏமாற்றுவது வேறில்லை. வரப்பில் நின்று பார்த்தால் பயிர் பச்சையாகத்தான் இருக்கும். பூச்சி இருப்பதோ தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தூரின் அடியில். வட்டம் வட்டமாகப் பயிர் தீய்ந்தது கண்ணில் படும்போது சேதத்தில் பெரும்பகுதி நடந்து முடிந்திருக்கும். அதனால்தான் குத்தைப் பிரித்து அடியில் பாருங்கள் என்று ஒவ்வொரு பட்டத்திலும் உங்களிடம் சொல்கிறோம்.

மனச்சோர்வும் இப்படித்தான் வருகிறது. ஆள் டீக்கடைக்கு வருவார், ரேஷன் கடை வரிசையில் நிற்பார், கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்பார். உள்ளே தூக்கம் போய்ப் பல வாரம் ஆகியிருக்கும். பயிரில் இலை மஞ்சளானால் இலையைப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டு வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு வரத் தயங்காத விவசாயி, தன் மனம் வாடினால் யாரிடமும் காட்டுவதில்லை. காட்டினால் ஊர் என்ன சொல்லும் என்ற கூச்சம். இந்த வாரம் விதை, உரத்தைச் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டு, அந்தக் கூச்சத்தைப் பற்றியும் அதைத் தாண்டும் வழிகளைப் பற்றியும் பேசுவோம்.

நம் பகுதியின் சுமை

செங்கல்பட்டு மாவட்டத்தில் விவசாயம் செய்பவருக்குச் சோதனைகள் பல பக்கமும் வருகின்றன. ஏரிப் பாசனத்தை நம்பி சம்பா, நவரை, சொர்ணவாரி என்று பட்டத்துக்குப் பட்டம் நெல் நடுகிறோம். ஏரி நிரம்பாத ஆண்டு ஒரு கவலை, நிரம்பி உடைப்பெடுக்கும் ஆண்டு இன்னொரு கவலை. கடலோரத்தில் கிணற்று நீர் உப்பாகிறது. பழைய மகாபலிபுரம் சாலைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் அருகில் பக்கத்து நிலம் மனையாகும்போது நம் கழனிக்கு வரும் வாய்க்கால் அடைபடுகிறது. "நீ மட்டும் ஏன் இன்னும் நெல்லு போட்டுக்கிட்டு இருக்கே?" என்ற கேள்வியை வீட்டுக்குள்ளேயே கேட்க வேண்டியிருக்கிறது.

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகில்தான் கரையைக் கடந்தது. 2025 கோடையில் தர்பூசணிக்கு நிறம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு பரவியது. பழம் காயாத பூமியில் நன்றாகக் காய்த்துக் கிடந்தும் வாங்க ஆளில்லாமல் விலை சரிந்தது. புயல் சேதத்துக்காவது கணக்கெடுக்க ஆள் வருவார். தன் தவறே இல்லாமல் சந்தை கைவிட்டால் அந்த அடியை ஒரு விவசாயி எங்கே போய்ச் சொல்வது? கடலோரக் குப்பங்களில் மீன்பிடித் தடைக்காலமும் காற்றும் அலையும் சேர்ந்து இதே சுமையை வேறு வடிவில் தருகின்றன.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-இல் நாடு முழுவதும் வேளாண்மைத் துறையைச் சேர்ந்த 11,290 பேர் தற்கொலை செய்துகொண்டனர். அதில் 5,207 பேர் விவசாயிகள், 6,083 பேர் விவசாயத் தொழிலாளர்கள். நிலம் வைத்திருப்பவரைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுகிறோம். கூலிக்கு நாற்று நடுபவரின் துயரம் எண்ணிக்கையில் அதைவிடப் பெரிது என்பதை விரிவாக்கப் பணியாளர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். எந்தத் தற்கொலைக்கும் ஒரே ஒரு காரணம் இருப்பதில்லை. கடன், நோய், குடும்பச் சண்டை, குடி, தனிமை எனப் பல முடிச்சுகள் சேர்ந்திருக்கும். அந்த முடிச்சுகளில் சிலவற்றை நேரத்தில் அவிழ்க்க முடியும்.

கூச்சம் எங்கிருந்து வருகிறது?

நம் ஊர்களில் ஒருவர் கொஞ்சம் மாறிப் பேசினால் "கீழ்ப்பாக்கம் கேஸு" என்று கேலி செய்வது பழகிப்போய்விட்டது. சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள அரசு மனநலக் காப்பகத்தின் வரலாறு 1794 வரை பின்னோக்கிப் போகிறது. பல தலைமுறைகளாக மனநலம் என்றாலே பூட்டிய கதவும் உயர்ந்த மதிலும்தான் நம் நினைவுக்கு வந்தன. அந்தப் படம் மாறாததால், தூக்கம் வரவில்லை என்று ஆலோசனைக்குப் போகிறவரையும் அதே கண்ணால் பார்க்கிறோம்.

இரண்டாவது, கல்யாணப் பேச்சு. "அந்த வீட்டுல ஒருத்தருக்கு மனசு சரியில்லையாம்" என்று ஒரு வார்த்தை வெளியே போனால் பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்று வீடுகள் பயப்படுகின்றன. மூன்றாவது, ஆம்பளை அழக்கூடாது என்ற வளர்ப்பு. நான்காவது, போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம். ஐந்தாவது, இது நோய் என்றே தெரியாதது. நெஞ்சு படபடப்பு, தலைபாரம், வயிற்றைப் பிசைவது, உடம்பு முழுக்க அசதி என்று உடம்பு வழியாகத்தான் பலருக்கும் மனத்துயரம் வெளிப்படுகிறது. அதற்கு ஊசி போட்டுக்கொள்வார்கள், ஸ்கேன் எடுப்பார்கள். காரணம் மட்டும் அடியில் அப்படியே இருக்கும்.

கோயிலுக்கோ தர்காவுக்கோ மாதா கோயிலுக்கோ போவது மனதுக்கு ஆறுதல் தருகிறது என்றால் போகலாம், அதைத் தடுக்கத் தேவையில்லை. மருத்துவரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே நாம் சொல்வது. வேண்டுதலோடு விதைநேர்த்தியும் செய்கிறோம் அல்லவா?

இந்தத் தயக்கத்தின் விளைவை 2015-16-இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு காட்டியது. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த அந்த ஆய்வில், பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அப்போது ஏதாவது ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. பாதிப்பின் வகையைப் பொறுத்து, சிகிச்சைக்கே வராதவர்கள் 70 முதல் 92 சதவீதம். நூறு ஏக்கரில் பூச்சி தாக்கி, எண்பது ஏக்கரில் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்றால் நாம் எவ்வளவு பதறுவோம்?

நடந்ததைவிட நடக்குமோ என்ற பயம் பெரிது

நம் பகுதியிலேயே இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் தொடங்கிய மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனமான ஸ்கார்ஃப், அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஓர் ஆய்வில் பங்கேற்றது. செங்கல்பட்டு 2019 நவம்பரில் தனி மாவட்டமாகும்வரை நாமும் காஞ்சிபுரம்தான். கோவா, மகாராஷ்டிரத்தின் சத்தாரா ஆகியவை மற்ற இரண்டு இடங்கள். மூன்றிலும் சேர்த்து மனச்சிதைவு நோயுள்ள 282 பேர் பங்கேற்றனர். 2014-இல் வெளியான முடிவுகளில் ஒன்று நாம் யோசிக்க வேண்டியது.

நோயின் காரணமாகப் பிறர் தங்களை மோசமாக நடத்தினார்கள் என்று சொன்னவர்கள் 42 சதவீதம். தாங்கள் எல்லோரிடமிருந்தும் விலகிப்போனதாக, வேறானவர்களாக உணர்ந்தவர்கள் 79 சதவீதம். ஊர் ஒதுக்கியது குறைவு, தன்னைத்தானே ஒதுக்கிக்கொண்டது அதிகம். மனச்சிதைவு கடுமையான நோய். சாதாரண மனச்சோர்வையும் பதற்றத்தையும் அதோடு ஒப்பிட முடியாது. அவ்வளவு கடுமையான நோயிலேயே உள்ளே இருக்கும் வெட்கம் ஊரின் ஏச்சைவிடப் பெரிதாக இருந்திருக்கிறது.

42 சதவீதமும் சிறிய எண் இல்லை. ஊர் மாற வேண்டும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால், ஊர் முழுக்க மாறிய பிறகுதான் ஆலோசனைக்குப் போவேன் என்று காத்திருக்கத் தேவையில்லை. நீங்கள் நினைக்கும் அளவுக்கு எல்லோரும் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. மருத்துவமனைச் சிகிச்சையோடு, பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள் வீட்டுக்குச் சென்று பேசி உதவியபோது, மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட நோயாளிகள் சற்றுக் கூடுதலாகத் தேறினார்கள். வசதிகள் குறைவான கிராமப்புறங்களுக்கு இந்த முறை ஏற்றது என்று ஆய்வாளர்கள் கூறினார்கள். வீட்டுக்கு வருபவர் பெரிய டாக்டராக இருக்க வேண்டியதில்லை, பயிற்சி பெற்றவராக இருந்தால் போதும்.

வாசலைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்தைக் கடந்துபோகும் பலருக்கும் தெரியாத ஒரு வேலை அங்கே நடக்கிறது. 1993-இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் இருவரும் சென்னையில் தொடங்கிய 'தி பான்யன்' அமைப்பு, வீடில்லாமல் தெருவில் கிடந்த மனநலம் பாதித்த பெண்களுக்கு இடம் கொடுத்து ஆரம்பித்தது. பின்னர் கோவளம் பகுதிக் கிராமங்களில் மனநலச் சேவையைக் கொண்டுவந்தது. 'நலம்' என்ற பெயரில் உள்ளூரிலிருந்தே பணியாளர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்புகிறார்கள். வருபவர் அதே ஊரின் பேச்சு பேசுபவர். மாத்திரை சாப்பிட்டாயா என்பதோடு, முதியோர் உதவித்தொகை வந்ததா, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறானா என்றும் கேட்பார். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தால் யாரோ விவரம் கேட்க வந்திருக்கிறார் என்றுதான் நினைப்பார்.

2015 முதல் அவர்கள் நடத்தும் இன்னொரு திட்டத்தில், நீண்ட காலம் மனநலக் காப்பகத்தில் இருந்த பெண்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் குடும்பம்போல் வாழ்கிறார்கள். கடைக்குப் போகிறார்கள், சமைக்கிறார்கள், பக்கத்து வீட்டுத் திருவிழாவுக்குப் போகிறார்கள். மதிலுக்குப் பின்னால் இருந்தவர் பக்கத்து வீட்டு அக்காவாகிவிட்டால், பயத்துக்கு எங்கே இடம்?

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று. கூச்சப்படாதே என்று மேடையில் சொல்வதால் கூச்சம் அதிகம் குறைவதில்லை. உதவி கிடைக்கும் வாசல் நாம் அன்றாடம் போகும் வாசலாக இருந்தால் அது தானாகக் குறைகிறது. ஆரம்ப சுகாதார நிலையம், கூட்டுறவு கடன் சங்கம், நேரடி நெல் கொள்முதல் நிலையம், பால் சொசைட்டி, மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டம் ஆகியவை நம் வாசல்கள். மனநல ஆலோசனை பற்றிய பேச்சு அங்கெல்லாம் சாதாரணமாக வர வேண்டும்.

காட்டுமன்னார்கோவில் பெட்டகம்

விவசாயத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு முயற்சி கடலூர் மாவட்டத்தில் நடந்தது. மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் தொடங்கிய 'சிநேகா' தற்கொலைத் தடுப்பு அமைப்பு, காட்டுமன்னார்கோவில் வட்டாரத்தில் இரண்டு கிராமங்களில் பூச்சிமருந்துப் பொதுச் சேமிப்பு அறைகளைக் கட்டியது. உள்ளே வங்கி லாக்கர் மாதிரி பெட்டிகள். விவசாயி தன் மருந்தை வீட்டில் வைக்காமல் அங்கே பூட்டி வைப்பார், தெளிக்கும் நாளில் எடுத்துக்கொள்வார். ஒப்பீட்டுக்கு வேறு இரண்டு கிராமங்களையும் கவனித்தார்கள். 2013-இல் வெளியான அந்தச் சிறிய ஆய்வின் முடிவு நம்பிக்கை தந்தது. மக்கள் அந்த அறையை ஏற்றுக்கொண்டார்கள்.

இலங்கையின் அனுபவத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். அங்கே 1990-களில் இருந்து மிகக் கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்தார்கள். அதன்பின் வந்த ஆண்டுகளில் அந்நாட்டின் தற்கொலை விகிதம் உச்சத்தில் இருந்ததைவிட சுமார் 70 சதவீதம் குறைந்தது. அதே நாட்டில் அனுராதபுரம் பகுதியில் 180 கிராமங்களில், வீட்டுக்கு ஒரு பூட்டுப் பெட்டி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017-இல் வெளியானது. அதில் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. வீட்டிலேயே பூட்டி வைப்பதைவிட, வீட்டிலிருந்து தள்ளி வைப்பதும் கொடிய மருந்துகளைத் தவிர்ப்பதும் நல்லது என்றே நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

ஒருவர் மனம் உடைந்து எடுக்கும் முடிவு பெரும்பாலும் சில மணி நேர நெருக்கடியில் எடுப்பது. அந்த நேரம் கடந்துவிட்டால், பலர் வாழவே விரும்புகிறார்கள். எனவே தேவைக்கு மேல் பூச்சிமருந்து வாங்கி வீட்டில் வைக்காதீர்கள். பொருளாதாரச் சேத நிலை பார்த்து, தேவையான அளவு மட்டும் வாங்கி, அன்றே பயன்படுத்துங்கள். மீதம் இருந்தால் வீட்டிலிருந்து தள்ளி, பூட்டுள்ள இடத்தில் பொறுப்பான ஒருவரிடம் சாவியைக் கொடுத்து வையுங்கள். உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் இப்படி ஒரு பொது அறையை யோசிக்கலாம்.

ஆலோசனைக்குப் போனால் என்ன நடக்கும்?

தெரியாத இடம் என்பதாலேயே பலர் தயங்குகிறார்கள். எனவே உள்ளே நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வகையானவர்கள் இருக்கிறார்கள். ஆற்றுப்படுத்துநர் எனப்படும் கவுன்சலர் பேசி, கேட்டு, வழி காண உதவுவார். உளவியலாளர் மனதின் போக்கைப் புரிந்துகொண்டு பயிற்சிகள் தருவார். மனநல மருத்துவர் தேவைப்பட்டால் மருந்து எழுதுவார். ஆலோசனைக்குப் போகும் எல்லோருக்கும் மாத்திரை இல்லை. ஷாக் கொடுப்பார்கள், கட்டிப்போடுவார்கள் என்பதெல்லாம் சினிமா பார்த்து வந்த பயம்.

முதல் நாளில் தூக்கம், பசி, வேலை, வீட்டு நிலைமை, குடிப்பழக்கம், உடம்புக்கு வேறு நோய் உண்டா என்று கேட்பார்கள். தைராய்டு குறைபாடு, ரத்தசோகை போன்றவையும் சோர்வைத் தரும் என்பதால் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லலாம். இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவா, துத்தநாகக் குறைவா, வேர் அழுகலா என்று பிரித்துப் பார்ப்பதில்லையா, அதே முறைதான். ஒரே நாளில் தீர்வு வராது, சில முறை போக வேண்டும். மாத்திரை கொடுத்தால் மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் முழுப் பலன் தர சில வாரங்கள் ஆகும். இரண்டு நாள் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன்படி, உங்கள் சிகிச்சை விவரங்களை ரகசியமாகக் காப்பது உங்கள் உரிமை. மற்ற நோய்களுக்குத் தரும் அதே அடிப்படையில் மனநலச் சிகிச்சைக்கும் காப்பீடு தர வேண்டும். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே சட்டம் கருதுகிறது, அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சிக்குத் தண்டனை தந்த பழைய 309-ஆம் பிரிவு இடம்பெறவில்லை. எனவே கேஸ் ஆகிவிடும் என்று பயந்து யாரையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தாமதிக்க வேண்டாம். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

"பேசினா கடன் அடையுமா சார்?"

நியாயமான கேள்வி. அடையாது. ஆலோசகர் தர்பூசணிக்கு விலை வாங்கித் தர மாட்டார், ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவர மாட்டார். அரசும் வங்கியும் சந்தையும் செய்ய வேண்டியதைக் கேட்டு வாங்குவது வேறு போராட்டம், அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் போராட்டத்தை நடத்தவே மனதில் தெம்பு வேண்டும்.

பயிர்க் காப்பீட்டில் ஆலங்கட்டி மழை, வெள்ளம் தேங்குதல் போன்ற உள்ளூர்ச் சேதம் நடந்தால் 72 மணி நேரத்துக்குள் தகவல் தெரிவிக்க வேண்டும். மனம் சுருண்டு கிடப்பவர் அந்த மூன்று நாளும் போனையே எடுக்க மாட்டார். இயற்கைப் பேரிடர் அறிவிக்கப்பட்டு, பயிர்ச் சேதம் 33 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால், பயிர்க் கடனைத் திருப்பிச் செலுத்தும் காலத்தை வங்கிகள் மாற்றியமைக்க ரிசர்வ் வங்கியின் விதிமுறைகளில் இடம் உண்டு. நோட்டீஸ் உறையைப் பிரிக்கவே பயந்து பரணில் போட்டு வைப்பவருக்கு அந்த வாய்ப்பும் கைநழுவிப் போகிறது. கந்துக்காரர் முகத்தைப் பார்க்கப் பயந்து ஊரை விட்டுப் போகிறவரும் உண்டு.

மனச்சோர்வு முதலில் பிடுங்கிக்கொள்வது முடிவெடுக்கும் சக்தியை. ஆலோசனை அதைத்தான் மீட்டுத் தருகிறது. எந்தக் கடனை முதலில் பேசுவது, யாரைக் கூட அழைத்துப் போவது, எந்தத் துண்டு நிலத்தை இந்தப் பட்டம் தரிசாக விடுவது என்று ஒவ்வொன்றாக யோசிக்க முடிகிற நிலைக்கு மனதைக் கொண்டுவருவது பெரிய விஷயம்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு

உழவர் அலுவலர் தொடர்புத் திட்டத்தில் ஊர் ஊராகப் போகும் உதவி வேளாண்மை அலுவலர்களே, உதவி தோட்டக்கலை அலுவலர்களே, உங்களுக்குக் கூடுதலாக இன்னொரு படிவம் கொடுக்க இதை எழுதவில்லை. டாக்டரிடம் போகாத விவசாயி உங்களிடம் வருகிறார். கழனியின் நிலையைப் பார்த்தே ஆளின் நிலையைச் சொல்லக்கூடியவர்கள் நீங்கள்.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள் சில. ஒழுங்காக நடக்கும் கழனியில் களை மண்டிக் கிடப்பது. முறைத் தண்ணீருக்கு ஆள் வராதது. கறவை மாட்டைக் காரணம் இல்லாமல் விற்பது. இரண்டு வாரத்துக்கும் மேலாகத் தூக்கம், பசி இல்லாதது. எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பது, சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவது. குடி அதிகமாவது. தன் பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுப்பது. "நான் இல்லாட்டியும் நீங்க பாத்துக்குவீங்க" என்ற மாதிரிப் பேச்சு. பெண் விவசாயிகளிடமும் கூலித் தொழிலாளர்களிடமும் இவை உடம்பு வலியாகவே வெளிப்படலாம்.

கூட்டத்தில் கேட்காதீர்கள். மோட்டார் கொட்டகை ஓரத்தில், தனியாக இருக்கும்போது கேளுங்கள். "என்னண்ணே, பத்து நாளா கழனிப் பக்கமே காணோம், உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று ஆரம்பித்தால் போதும். பிறகு குறுக்கே பேசாமல் கேளுங்கள். "தைரியமா இருங்க", "உங்களவிட கஷ்டப்படறவங்க இருக்காங்க" என்ற வார்த்தைகள் பேச்சை அங்கேயே அடைத்துவிடும். "இவ்வளவு பாரத்தைத் தனியா சுமந்திருக்கீங்களே" என்பது கதவைத் திறக்கும்.

சந்தேகம் வந்தால், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்கலாம். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற நிம்மதிதான் வரும். ஆமாம் என்று சொன்னால் அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். மருந்துப் புட்டிகளை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். 108-க்கு அல்லது 14416-க்கு அவர் முன்னாலேயே போன் போடுங்கள். மற்றவர் வாயில் இது கதையாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஆலோசகர் ஆக வேண்டியதில்லை, வழி காட்டி ஒரு முறை கூடப் போனால் போதும்.

புகையானுக்கான பரிந்துரையில் ஒரு கணக்கு இருப்பது உங்களுக்குத் தெரியும். வயலில் சிலந்தி இல்லையென்றால் தூருக்கு ஒரு பூச்சி வந்ததும் நடவடிக்கை எடுக்க வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். துணை இருந்தால் அதே பயிர் இரண்டு மடங்கு தாக்குதலைத் தாங்குகிறது. மனிதருக்கும் பக்கத்தில் ஒருவர் இருப்பது அப்படிப்பட்ட பலம். பக்கத்துக் கழனிக்காரருக்கு நீங்கள் அந்தத் துணையாக இருக்கலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுவதை நாம் ஒளித்து வைப்பதில்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர் வந்தால் திண்ணையில் உட்கார்ந்தே ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்கிறோம். அதே திண்ணையில், "இவருக்கு ரொம்ப நாளா தூக்கமே இல்லம்மா" என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். இந்த நவரை அறுவடைக்குள் அந்த ஒரு வரியை உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ சொல்ல வேண்டியிருந்தால், தள்ளிப்போடாமல் சொல்லிவிடுங்கள்.

எங்கே போகலாம், யாரை அழைக்கலாம்?

• 14416: தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் 2022 அக்டோபர் முதல் இயங்கும் டெலி மானஸ் மனநலச் சேவை. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

• 104: அரசின் மருத்துவ உதவி எண். மனநல ஆலோசனையும் கிடைக்கும்.

• 108: உயிருக்கு ஆபத்தான அவசர நேரத்தில் ஆம்புலன்ஸ்.

• 044-24640050: சிநேகா தற்கொலைத் தடுப்பு மையம், சென்னை.

• செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. மாவட்ட மனநலத் திட்டக் குழு உங்கள் பகுதி அரசு மருத்துவமனைக்கு வரும் நாளை, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

• 1800-180-1551: கிசான் கால் சென்டர். பயிர் தொடர்பான சந்தேகங்களுக்கு.